அகராதியில் ஒரு பொய்

"எனக்கு ஒரு பொய் வேணும்," என்றார் முதலாளி. "நாளைக்குக் காலைல என் மேஜைமேல இருக்கணும்."

உதவி ஆசிரியன் கையிலிருந்த பென்சிலைக் காதில் செருகினான். அலுவலகத்தில் அவனுக்கு அரைப்புள்ளி என்று பெயர். எந்த வாக்கியத்தையும் முடிக்க மாட்டான். பாதியில் இழுத்து நிறுத்தி, எதிராளி முடிக்கட்டும் என்று காத்திருப்பான்.

"பொய்யா சார்? நம்ம அகராதியிலயா? அதாவது, எப்படின்னா..."

"ஏதாவது ஒரு இங்கிலீஷ் வார்த்தைக்கு இல்லாத ஒரு அர்த்தம். நீயே கற்பனை பண்ணி எழுது. அதே அர்த்தம் எதிர்க்கட்டடத்து அகராதியிலயும் வந்துச்சுன்னா அவங்க நம்மைப் பார்த்துக் காப்பி அடிக்கறாங்கன்னு ஆகிடும். எலிக்குப் பொறி வைக்கற மாதிரி."

எதிர்க்கட்டடத்தில் இருந்தது போட்டி அகராதி. இரண்டு நிறுவனங்களும் ஆங்கிலம்-தமிழ் அகராதியை எழுத்து எழுத்தாகப் பகுதி பிரித்து வெளியிட்டு வந்தன. இப்போது இரண்டும் 'எம்' எழுத்தில் இருந்தன.

"அவங்க காப்பி அடிக்கறாங்கன்னு எப்படி சார்..."

"'லேடர்'க்கு நாம என்ன போட்டோம்? ஏணி. அவங்க என்ன போட்டிருக்காங்க? ஏணி!"

"லேடர்னா ஏணிதானே சார், வேற எப்படி..."

"அதான் சந்தேகமே!" முதலாளி மேஜையைத் தட்டினார். "நம்ம புரூஃப் எங்கேயோ ஒழுகுது. இந்தக் கட்டடத்துல எத்தனை பேர் எதிர்க்கட்டடத்துல பொண்ணு கட்டியிருக்கீங்க?"

அரைப்புள்ளி தன்னைத் தவிர வேறு யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். ஒருவரும் இல்லை.

"உன்மேல எனக்குச் சந்தேகம் இல்லப்பா. அதனாலதான் உன்னையே எழுதச் சொல்றேன். எழுதி, அந்தப் புரூஃபை வழக்கம்போல வீட்டுக்கு எடுத்துட்டுப் போ. மேஜைமேல போடு. வீட்டுல மூச்சு விடாதே. அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி கடைசிப் புரூஃப்ல நீயே அந்த வரியை அடிச்சுடு. விஷயம் முடிஞ்சுது."

விஷயம் அங்கேதான் ஆரம்பித்தது. எதிர்க்கட்டடத்தில் வேலை பார்க்கும் மனைவி பொறியில் சிக்கினால் அவள் வேலை போகும். அவளை முன்கூட்டியே எச்சரித்தால் இவன் வேலை போகும். பொறி வைத்தவன் இவன்தான் என்று அவளுக்குத் தெரிந்தால், வேலை இருந்தும் போக வீடு இருக்காது.

வீட்டில் ஒரு ஒப்பந்தம் இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே இருவரும் பேசி வைத்தது: அலுவலகத்துச் சொல் எதுவும் வீட்டில் வாய் திறந்து வரக் கூடாது. சாப்பாட்டு மேஜையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். நடுவே உப்பு, சர்க்கரை, மிளகு, காப்பித்தூள் டப்பாக்கள் வரிசையாக நிற்கும். அதுதான் எல்லை. அவனுடைய தாள் காற்றில் பறந்து அவள் பக்கம் போனால்கூட, அவள் கண்ணை மூடிக்கொண்டு திருப்பித் தருவாள். மேஜையின் தலைமாட்டில் மாமியார் உட்கார்ந்திருப்பார். அவருக்கு மட்டும் இரண்டு நாட்டுக் குடியுரிமையும் உண்டு.

அன்று மாலை அரைப்புள்ளி 'மேக்' என்ற சொல்லை எடுத்துக்கொண்டான். ஒரு மாதமாக அவன் உயிரை எடுத்த சொல். 'செய்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம் என்று தொடங்கியவன், பக்கம் பக்கமாக எழுதிவிட்டான். ஆங்கிலேயன் காப்பியையும் மேக் பண்ணுகிறான், படுக்கையையும் மேக் பண்ணுகிறான், பணத்தையும் மேக் பண்ணுகிறான். சும்மா இருந்த குழந்தையை அழவைத்தால் அதற்கும் மேக்தான். சொல்லின் வேரைத் தோண்டிப் போனால், பிசைவது, உருட்டிப் பொருத்துவது என்று ஏதோ மண் வீடு கட்டியவர்களின் காலத்துக்கே போகிறது என்று அறிஞர்கள் ஊகித்திருந்தார்கள்.

இத்தனை வேலை பார்க்கிற சொல்லுக்குப் பொய்யாக இன்னொரு வேலை கொடுப்பது லேசாக இல்லை. 'ஓடிப்போதல்' என்று எழுதினான். சரிபார்த்தால், நிஜமாகவே அப்படி ஒரு பொருள் இருந்தது. 'சீட்டுக்கட்டைக் கலைத்தல்' என்று எழுதினான். அதுவும் இருந்தது! நாணயமான மனிதன் ஒரே ஒரு பொய் சொல்ல நினைத்தால் இந்த உலகம் விடுவதில்லை.

நொந்துபோய் நிமிர்ந்தான். மிளகு டப்பாவுக்கும் சர்க்கரை டப்பாவுக்கும் நடுவே மனைவியின் முகம் தெரிந்தது. கொண்டையில் இரண்டு பென்சில். மூன்றாவதைப் பல்லில் கடித்தபடி எதையோ யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவன் எழுதினான்: 'மேக், பெயர்ச்சொல். கணவன் அல்லது மனைவி. ஒருவருக்குப் பொருந்திய துணை.' எடுத்துக்காட்டு வாக்கியமும் போட்டான்: 'ஷீ ஈஸ் மை மேக்.'

படித்துப் பார்த்ததும் சிரிப்பு வந்தது. இதைவிட அப்பட்டமான பொய் இருக்க முடியாது. சரிபார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

"என்னங்க, தனியா சிரிக்கறீங்க?" என்றாள் மனைவி, தலையைத் தூக்காமல்.

"ஒண்ணுமில்ல, ஆபீஸ் விஷயம், அதாவது..."

"அப்ப சொல்லாதீங்க."

முதலாளிக்குப் பொய் மிகவும் பிடித்துப்போயிற்று. "பிரமாதம்! சின்னப் பிள்ளைகூட நம்பாது. இதைக் காப்பி அடிக்கறவன் வடிகட்டின முட்டாள்," என்று சொல்லி, அச்சான புரூஃபைத் தன் கையாலேயே அவன் பையில் வைத்தார்.

வடிகட்டின முட்டாள் என்ற சொல் பேருந்தில் அவனோடே வந்தது. வீட்டுக்குள் நுழைந்தபோது அவன் ஒரு முடிவுக்கு வந்திருந்தான். மேஜைமேல் போடச் சொன்னது முதலாளி. போட்டானா இல்லையா என்று யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அவள் கண்ணிலேயே படாமல் ஒளித்துவிட்டால் ஒருவருக்கும் ஆபத்தில்லை.

அலமாரி அவளுடையது. மெத்தைக்கு அடியில் மாமியாரின் கைப்பை இருந்தது. கடைசியில் துணி துவைக்கும் இயந்திரத்துக்குள், போர்வைக்கு அடியில் புரூஃபைச் செருகினான். துவைக்கும் நாள் ஞாயிறு, அன்று செவ்வாய். பாதுகாப்பான இடம்.

குளித்துவிட்டு வந்தபோது இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

"அத்தை! இன்னிக்கு எதுக்கு..."

"போர்வை ஒரு மாதிரி வாடை அடிச்சுது மாப்ள. கூடவே உங்க சட்டை பேண்ட்டையும் போட்டேன்," என்றார் மாமியார் பெருமையாக.

அன்று கொடியில் காய்ந்த ஒவ்வொரு துணியிலும் 'எம்' எழுத்து வெள்ளைக் கூழாக ஒட்டியிருந்தது. மனைவி அவனுடைய சட்டைக் காலரிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி எடுத்தாள். படிக்காமலே கசக்கிப் போட்டாள்.

"காகிதத்தைப் பையில வச்சுத் துவைக்கப் போடறீங்க. என்ன ஆச்சு உங்களுக்கு?"

"வேலை ஜாஸ்தி..."

மறுநாள் பக்கங்களை அமைக்கிறவரிடம் போய், இன்னொரு புரூஃப் வேண்டும் என்று காதில் சொன்னான். அவர் நல்ல மனிதர். ஏன் என்று கேட்கவில்லை. அரைப்புள்ளிக்குச் சிரமம் வேண்டாம் என்று, புரூஃபை உறையில் போட்டு நேரே வீட்டுக்கே அனுப்பிவிட்டார்.

அவன் வீடு திரும்பியபோது அந்த உறை, மேஜையில் அவன் பக்கம், உப்பு டப்பாவில் சாய்ந்து நின்றது.

"உங்க ஆபீஸ்லேர்ந்து வந்துச்சு. கையெழுத்துப் போட்டு வாங்கினேன்," என்றாள் மனைவி.

உறை ஒட்டியிருக்கவில்லை. மூடி சும்மா மடித்து விடப்பட்டிருந்தது. அரைப்புள்ளி மடிப்பை முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தான். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். முகர்ந்தும் பார்த்தான்.

"சாப்பிடற சாமான் இல்லீங்க அது."

"பிரிச்சியா? இல்ல, சும்மா கேக்கறேன், அதாவது..."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது உங்க பக்கத்து டப்பாவைத் தாண்டியிருக்கேனா?"

கேட்டிருக்கக் கூடாது. அடுத்த மூன்று நாளும் வீட்டில் 'சாப்பாடு ரெடி', 'குழாயை மூடுங்க' என்ற இரண்டு வாக்கியங்கள் மட்டுமே புழங்கின. அதற்குப் பிறகு நிலைமை மோசமாயிற்று. அவள் ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் இல்லை. காலையில் போவாள், மாலையில் கையெல்லாம் தூசியாகத் திரும்புவாள். எங்கே என்று கேட்டால், "ஆபீஸ் விஷயம்," என்பாள். ஒப்பந்தப்படி அவன் மேலே கேட்க முடியாது. அவனைப் பார்க்கும்போது ஒரு மாதிரி பார்த்தாள். கோபமா, வருத்தமா என்று அவனுக்குப் புரியவில்லை.

கடைசிப் புரூஃப் வந்த நாளில் அவனுக்குப் பாதி உயிர் வந்தது. இந்த வரியை அடித்துவிட்டால், நம் புத்தகத்திலாவது பொய் இருக்காது.

அந்த அலுவலகத்தில் திருத்தத்துக்கு இரண்டே குறிகள். சிவப்புக் கோடு போட்டால் வரியை நீக்கு. சிவப்பு வட்டம் போட்டால் அதைக் கொட்டை எழுத்தில் முதல் பொருளாக ஏற்று. வீட்டு வாசலில் அலுவலகத்து ஆள் வண்டியை அணைக்காமல் நின்றுகொண்டிருந்தார். அரைப்புள்ளி பேனாவை எடுத்து, பொய்யின் இடது கோடியிலிருந்து கோடு இழுக்க ஆரம்பித்தான்.

"என்னங்க," என்று மனைவி பின்னாலிருந்து தோளைத் தொட்டாள். பல நாட்களுக்குப் பிறகு தொட்டாள்.

கை துள்ளியது. கோடு மேலே ஏறி, வளைந்து, வரியைச் சுற்றிக்கொண்டு கிளம்பிய இடத்துக்கே வந்தது. அவன் படாரென்று தாள்களை மூடி, உறையில் திணித்து, ஓடிப்போய் வாசலில் கொடுத்துவிட்டு வந்தான். எந்தக் குறி போட்டோம் என்பது வண்டி தெருமுனை தாண்டிய பிறகுதான் உறைத்தது.

"இல்ல... காப்பி போடட்டுமான்னு கேக்க வந்தேன்," என்றாள் அவள்.

அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினான். பக்கங்களை அமைக்கிறவர் உற்சாகமாகச் சொன்னார்: "வட்டம் போட்டதைப் பார்த்தேன் சார். அச்சுக்கே போயாச்சு. கவலையே படாதீங்க, நல்லா தடிமனா வந்திருக்கு."

புத்தகம் வந்தது. அரைப்புள்ளி அவசரமாகப் பிரித்தான். 'மேக்' என்ற சொல்லுக்கு நேரே, செய்வதற்கும் உண்டாக்குவதற்கும் முன்னால், கறுப்பாக, கொழுகொழுவென்று: கணவன் அல்லது மனைவி.

அவன் மூடுவதற்குள் முதலாளி கதவைத் திறந்துகொண்டு வந்தார். கையில் எதிர்க்கட்டடத்து அகராதி. அதுவும் அன்றுதான் வெளிவந்திருந்தது.

"சிக்கிடுச்சு! எலி சிக்கிடுச்சு! கேளு: 'மேக். துணை, கணவன் அல்லது மனைவி.' பதினாறாவது பொருளாப் போட்டு ஒளிச்சு வச்சிருக்காங்க. எடு வண்டியை. இல்ல, எதுக்கு வண்டி, எதிர்க்கட்டடம்தானே. நட!"

தெருவைக் கடக்கும் அந்த இருபது அடியில் அரைப்புள்ளி பல தடவை செத்துப் பிழைத்தான். முதலாளி தன்னுடைய புத்தகத்தை இன்னும் பிரித்தே பார்க்கவில்லை என்பது ஒரு பக்கம். அவள் பார்த்திருக்கிறாள் என்பது இன்னொரு பக்கம். டப்பாவைத் தாண்டியிருக்கிறாள்.

எதிர்க்கட்டடத்தின் தலைமை ஆசிரியை கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கி, முதலாளி சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். பக்கத்தில் அரைப்புள்ளியின் மனைவி மடியில் ஒரு கனமான பையோடு உட்கார்ந்திருந்தாள். அவன் பக்கம் திரும்பவில்லை.

"ஆக, இது நீங்களே கற்பனை பண்ணின பொய்," என்றார் தலைமை ஆசிரியை.

"நூத்துக்கு நூறு பொய்! இதோ இவன்தான் எழுதினான்."

"அப்ப உங்க புத்தகத்துல ஏன் இதுவே முதல் பொருளா இருக்கு?"

"எந்தப் புத்தகத்துல?"

அவர் பிரித்துக் காட்டினார். முதலாளி படித்தார். மறுபடி படித்தார். முகம் சிவந்து, வெளுத்து, அப்புறம் அரைப்புள்ளியின் பக்கம் திரும்பியது.

"டேய்..."

அரைப்புள்ளி எழுந்தான். மனைவியின் குனிந்த தலையைப் பார்த்தான். பென்சில் ஒன்று கொண்டையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது. திடீரென்று பயம் விட்டுப்போயிற்று.

"வட்டம் போட்டது நான். புரூஃபை வீட்டுல விட்டதும் நான். அவ கண்ணுல பட்டிருந்தா அது என் தப்பு. அவமேல ஒரு தப்பும் இல்லை. வேலையை விட்டு அனுப்பறதுன்னா என்னை அனுப்புங்க. அவ்வளவுதான்."

ஆறு வாக்கியங்கள். ஆறையும் முடித்திருந்தான்.

"உக்காருங்க," என்றாள் மனைவி மெதுவாக. அப்புறம் முதலாளியைப் பார்த்தாள். "காப்பி அடிச்சேனா இல்லையாங்கறது இருக்கட்டும் சார். முதல்ல இது பொய்தானான்னு பார்த்துடலாமா?"

பையிலிருந்து ஒரு தடித்த புத்தகம் வந்தது. பழைய ஆங்கிலச் சொற்களின் அகராதி. அட்டை கிழிந்து, நூலக முத்திரையோடு. தாள் செருகியிருந்த இடத்தில் பிரித்தாள். இன்னொன்று வந்தது. மூன்றாவது வந்தது. அறையில் தூசி பறந்தது.

"பல நூறு வருஷத்துக்கு முன்னாடி இங்கிலீஷ்காரங்க பேச்சுல இந்த வார்த்தை இருந்திருக்கு. மேக்னா ஜோடி, துணை. புருஷனையும் சொல்லலாம், பொண்டாட்டியையும் சொல்லலாம். அப்புறம் வழக்கொழிஞ்சு போச்சு. இதோ பாருங்க, இதுலயும் இருக்கு. 'செய்'ங்கற மேக்குக்கும் இதுக்கும் வேர் ஒண்ணுதான்னு சொல்றாங்க. ஒண்ணோட ஒண்ணு பொருத்தறதுதான் செய்யறது. அப்படிப் பொருந்திப் போனவங்க துணை."

முதலாளி புத்தகத்தைப் பிடுங்கி முகத்தோடு ஒட்டிவைத்துப் படித்தார். அரைப்புள்ளி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். இருந்தது. அவன் கற்பனை செய்த பொய், அவன் கொள்ளுத் தாத்தாவுக்குக் கொள்ளுத் தாத்தா பிறப்பதற்கு முன்பே அச்சுப் பிசகாமல் இருந்தது.

"அப்ப இது..." என்றார் முதலாளி. இப்போது அவர் வாக்கியம்தான் பாதியில் நின்றது.

"நிஜம்," என்றார் தலைமை ஆசிரியை. "ரெண்டு அகராதியிலயும் இருக்கு, ரெண்டும் சரி. லேடருக்கு ஏணி மாதிரி. ஆனா செத்துப்போன பொருளைக் கொண்டுபோய் முதல்ல நிறுத்தியிருக்கீங்களே, அதுதான் கொஞ்சம் ஜாஸ்தி."

முதலாளிக்கு உயிர் திரும்பிவிட்டது. நெஞ்சை நிமிர்த்தினார். "ஜாஸ்தியா? அம்மா, பழைய பொருளை முன்னாடி வைக்கறதுதான் வரலாற்று முறை! எங்க நிறுவனம் யோசிக்காம எதையும் பண்ணாது. தம்பி, வட்டம் போட்டது நீதானே?"

"ஆமா சார்."

"இனிமே முழு அகராதிக்கும் வட்டம் போடறது, கோடு போடறது எல்லாம் உன் பொறுப்பு. துணை ஆசிரியர்! நாளைலேர்ந்து!"

"எங்க ஊழியரைத் திருடின்னு சொன்னதுக்கு?" என்றார் தலைமை ஆசிரியை கண்ணாடியைக் கழற்றாமல்.

முதலாளி எழுந்து, இரண்டு கையையும் கூப்பி, அவன் மனைவியிடம் மன்னிப்புக் கேட்டார். இரண்டு தடவை கேட்டார். முதல் தடவை கேட்டது காதில் சரியாக விழவில்லை என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார்.

தெருவில் இறங்கியதும் அரைப்புள்ளி, இரண்டு கட்டடத்து ஜன்னல்களும் பார்க்க, மனைவியின் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, அவள் கையைப் பிடித்தான். மூன்று அகராதியின் கனம் இறகுபோல் இருந்தது.

"ஷீ ஈஸ் மை மேக்," என்றான்.

"நடுத்தெருவுல என்னங்க இது," என்றாள். ஆனால் கையை விடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அவன் முதல் வேலையாக டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தான். மேஜை திடீரென்று மைதானம் மாதிரி அகலமாகிவிட்டது. மாமியார் தன் நாற்காலியிலிருந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி காப்பி போட உள்ளே போனாள்.

"அத்தை, உங்க பொண்ணு இருக்காளே, தங்கம்!" என்றான் அரைப்புள்ளி. இன்று அவனுக்கு வாக்கியங்கள் தாமாகவே முடிந்தன. "ஒட்டாத உறை கண்ணு முன்னாடி கிடந்தது. எட்டிக்கூடப் பார்க்கலை. தானா தேடி, தானா படிச்சு, தானா கண்டுபிடிச்சிருக்கா. நான் போய் அவளைச் சந்தேகப்பட்டேனே!"

உள்ளே ஒரு கரண்டி கீழே விழும் சத்தம் கேட்டது.

மாமியார் சமையலறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார். "பார்க்காம என்ன மாப்ள, உறை வந்த அன்னிக்கே, 'அவர் எழுதினா சரியாத்தாம்மா இருக்கும்'னு யோசிக்காம காப்பி அடிச்சு ஆபீஸ்ல கொடுத்துட்டா, அது பொய்னு நீங்க தூக்கத்துல உளறினப்புறம்தான், அதை எப்படியாவது நிஜமாக்கிடணும்னு ஞாயித்துக்கிழமைகூட விடாம நூலகம் நூலகமா ஓடினா!"